சரிபாதிப் பேருக்கு மட்டும் தளர்த்திய விதி: கால் ஆஃப் டியூட்டி மேட்ச்மேக்கிங் சோதனை – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3’ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாற்றம் செய்யப்பட்டது. யாரை யாரோடு மோதவிடுவது என்று தீர்மானிக்கும் நிரலில் ஆட்டத்திறனுக்கு இருந்த முக்கியத்துவத்தை ஆக்டிவிஷன் நிறுவனம் அவர்களுக்கு மட்டும் குறைத்தது. மீதிப் பாதிப் பேர் பழைய முறையிலேயே ஆடினார்கள். மருந்துக் கம்பெனிகள் செய்கிற ஒப்பீட்டுச் சோதனை மாதிரிதான். என்ன நடந்தது என்பதை அந்த ஆண்டு ஜூலையில் நீண்ட அறிக்கையாக வெளியிட்டார்கள்.

இப்படியொரு அறிக்கை வந்ததே அபூர்வம். மேட்ச்மேக்கிங் எப்படி நடக்கிறது என்பதைப் பெரிய கேம் நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. சொன்னால் அதை ஏமாற்றும் வழியை நாலு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். ஆனால் கால் ஆஃப் டியூட்டியில் எஸ்.பி.எம்.எம். (ஸ்கில் பேஸ்டு மேட்ச்மேக்கிங்) என்ற நாலெழுத்து பல வருடமாகச் சண்டைப் பொருளாகவே இருந்தது. திறனை அளந்து, கிட்டத்தட்டச் சமமானவர்களை ஒரே லாபியில், அதாவது ஒரு மேட்சுக்காகக் கூடும் ஆட்டக்காரர் குழுவில், சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். ‘வேலை முடிந்து வந்து ஜாலியாக அரை மணி நேரம் ஆடலாம் என்று உட்கார்ந்தால், ஒவ்வொரு மேட்சும் உலகக் கோப்பை ஃபைனல் மாதிரி இருக்கிறது’ என்பது ஸ்ட்ரீமர்களின் நிரந்தரப் புலம்பல். ‘பழைய கேம்களில் இதெல்லாம் இல்லை’ என்பது அடுத்த வரி. நிறுவனம் சொன்னது வேறு. 2007இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4’ காலத்திலிருந்தே திறனும் ஒரு கணக்காக உள்ளே இருந்திருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சோதனையின் முடிவுக்குப் போகும் முன், ‘திறன்’ என்று அந்த நிரல் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சண்டையில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

எண் எங்கிருந்து வருகிறது

பிள்ளையை செஸ் வகுப்புக்கு அனுப்புகிற எந்த சென்னை வீட்டிலும் ரேட்டிங் என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். அந்தக் கணக்கு ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியருடையது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பாடம் நடத்தியவர். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960லும், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970லும் அவருடைய முறையை எடுத்துக்கொண்டன. இன்றைய ஆன்லைன் ரேட்டிங்குகள் எல்லாவற்றுக்கும் தாத்தா அதுதான்.

அதன் அடிப்படை சுலபமானது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே ஒரு கணிப்பு. ஆட்டம் முடிந்ததும், கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்பத் திருத்தம். 1700 ரேட்டிங்காரர் 1500காரரோடு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 புள்ளி வித்தியாசத்தில் முன்னவருக்கு எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.76. திருத்த அளவு 20 என்றால், அவர் ஜெயித்தால் கிடைப்பது 4.8 புள்ளி, தோற்றால் போவது 15.2. டிரா ஆனாலே 5.2 போய்விடும். ‘ஜெயிச்சும் நாலு பாயிண்ட்தானா?’ என்று பையன் முகம் சுருங்குவது இதனால்தான். அவன் ஜெயிப்பான் என்று கணக்குக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த செய்திக்கு மதிப்பு குறைவு.

ஈலோவின் முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 1500 என்ற எண் ஆயிரம் ஆட்டம் ஆடியவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே மாதிரிதான் நிற்கும். மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் 1995இல் வெளியிட்ட கிளிக்கோ முறை இதைச் சரிசெய்தது. ரேட்டிங்கோடு கூடவே ‘இந்த எண்ணில் எனக்கு எவ்வளவு சந்தேகம்’ என்று இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்ளும். புதியவருக்குச் சந்தேகம் 350. ஆட ஆடக் குறையும். ஆடாமல் இருந்தால் மறுபடி ஏறும். இதன் அடுத்த பதிப்பைத்தான் லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளம் பயன்படுத்துகிறது. அணியாக ஆடும் ‘டோட்டா 2’ கேம் 2023இல் கிளிக்கோவுக்கு மாறியது.

அணி அணியாக ஆடும் கேம்களுக்கு இதுவும் போதவில்லை. எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் கேம் சேவைக்காக மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு உருவாக்கிய ட்ரூஸ்கில் என்ற ரேட்டிங் முறை இந்த இடத்தில்தான் வருகிறது. அதில் எல்லாரும் திறன் கணிப்பின் சராசரி 25, சந்தேகம் 8.33 என்று தொடங்குவார்கள். லீடர்போர்டில் காட்டும் எண் சராசரி அல்ல. சராசரியிலிருந்து சந்தேகத்தை மூன்று மடங்கு கழித்தது. அதனால் புதியவரின் எண் பூஜ்யம். புதியவர்கள் இருவர் ஒற்றைக்கு ஒற்றை மோதினால், ஜெயித்தவரின் சராசரி சுமார் 29.4, தோற்றவருடையது 20.6; இருவருக்கும் சந்தேகம் 7.17க்கு இறங்கும். ஜெயித்தவர் பலகையில் 7.9 போலத் தெரிவார். ஒரே ஆட்டத்தில் இவ்வளவு ஏற்றம் வருவது அவர் சூரர் என்பதால் இல்லை. கணினிக்கு அவரைப் பற்றி அதுவரை ஒன்றுமே தெரியாததால்.

அணி ஆட்டத்தில் சிக்கல் எங்கே என்றால், யாரால் ஜெயித்தோம் என்று வெற்றி தோல்வி மட்டும் சொல்லாது. ட்ரூஸ்கில்லை உருவாக்கியவர்களே ஓர் அட்டவணை தந்திருக்கிறார்கள். ஒருவரின் திறனைக் கண்டுபிடிக்க ஒற்றைக்கு ஒற்றை என்றால் சுமார் 12 ஆட்டம் போதும். நாலுக்கு நாலு என்றால் 46. எட்டுக்கு எட்டு என்றால் 91. தினமும் ரெண்டு மேட்ச் ஆடுகிறவருக்கு 91 என்பது ஒன்றரை மாதம். அதற்குள் அவர் திறனே மாறியிருக்கும்.

எனவே குறுக்கு வழி தேவைப்பட்டது: எத்தனை கில், எத்தனை டெத், பாதியில் ஓடிப்போனாரா, கூட்டாளியோடு வந்தாரா என்பதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது. 2018இல் வந்த ட்ரூஸ்கில் 2 இப்படித்தான் செய்தது. ‘ஹேலோ 5’ ஆட்டங்களின் முடிவை முன்கூட்டிச் சொல்வதில் பழைய முறை 52 சதவீதம் சரி, புதியது 68. அந்த 52ஐ ஒரு நிமிடம் யோசியுங்கள். நாணயம் சுண்டினாலே 50 வருமே!

கால் ஆஃப் டியூட்டியும் இதே பாதையில்தான் போகிறது. கில், டெத், வெற்றி, தோல்வி, எந்த மோட், சமீபத்திய ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த ஓர் அளவு. பணம் செலவழித்தால் லாபி மாறுமா என்ற சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. அது சும்மா கிளம்பவில்லை. வாங்கத் தூண்டும் வகையில் ஆட்களைச் சேர்ப்பது பற்றி ஆக்டிவிஷன் வாங்கிய ஒரு காப்புரிமை 2017இல் வெளியே வந்தது. அது எந்த கேமிலும் பயன்படுத்தப்படவில்லை என்று அப்போதே சொன்னார்கள். செலவு ஒரு காரணி இல்லை என்று பிறகும் சொன்னார்கள். வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லாததால், நம்புகிறவர் நம்பலாம்.

எண் மட்டும் போதாது

ரேட்டிங் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. லாபியை நிரப்பும்போது திறன் பலவற்றில் ஒன்று. நிறுவனம் தந்த முன்னுரிமைப் பட்டியலில் முதலிடம் இணைப்புக்கு. ‘பிங்தான் ராஜா’ என்பதே அவர்கள் வாசகம். பிங் என்பது நம் கருவிக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வர ஆகும் நேரம். இங்கிருந்து சிங்கப்பூர் சர்வரில் ஆடிப் பழகியவர்களுக்கு அதன் அருமை புரியும். இரண்டாவது, எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறோம் என்பது. பிறகுதான் திறன், எந்த மேப், கன்ட்ரோலரா மவுஸா போன்றவை.

இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ராத்திரி மூன்று மணிக்கு, ஆள் குறைந்த மோடில், உச்சத்திறன் உள்ள ஒருவர் மேட்ச் தேடுகிறார். சமமானவர்கள் அந்த வட்டாரத்தில் நாலே பேர் இருக்கலாம். காத்திருக்க வைப்பதா, தூர சர்வரில் போடுவதா, திறன் குறைந்தவர்களோடு சேர்ப்பதா? நிரல் முதலில் நெருக்கமாகத் தேடும்; நேரம் ஆக ஆக வரம்பைத் தளர்த்தும். அந்தத் தளர்வில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் முழு விவாதமும். கணிதம் அங்கே உதவாது. அது நிறுவனம் எடுக்கிற முடிவு.

சோதனையில் நடந்தது

2024 சோதனையில் தளர்த்தியது திறனை மட்டும்தான். அடியோடு நீக்கவில்லை, குறைத்தார்கள். இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களைத் திறன்வாரியாகப் பத்துப் பங்காகப் பிரித்துப் பார்த்தபோது, மறுபடி விளையாட வருகிறவர்களின் விகிதம் ஒன்பது பங்கினரிடம் குறைந்தது. உச்சியில் இருந்த 10 சதவீதத்தினர் மட்டும் முன்பைவிட அதிகமாக வந்தார்கள். பாதியில் மேட்சை விட்டு ஓடுவது 80 சதவீதம் பேரிடம் கூடியது. ஒருதலைப்பட்சமாக முடிந்த ஆட்டங்களும் அதிகரித்தன.

ஏன் என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். ஒருவர் கணக்கில் ஒரு கில் ஏறினால் இன்னொருவர் கணக்கில் ஒரு டெத் ஏறியாக வேண்டும். பன்னிரண்டு பேர் லாபியில் இரண்டு பேர் ஆளுக்கு 40 கில், 15 டெத் என்று முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து உபரி 50. மீதிப் பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து வீதம், கொன்றதைவிட அதிகமாகச் செத்தாக வேண்டும். உண்மையில் அது சமமாகப் பங்காவதும் இல்லை. கடைசி இரண்டு மூன்று பேர் தலையில்தான் விழும். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ரெண்டு கேப்டனும் மாறி மாறி ஆளெடுத்து, கடைசியில் மிஞ்சும் பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவனுக்குக் கடைசி ஓவரில் ஒரு பேட்டிங்காவது கொடுப்போம். ஆன்லைன் லாபியில் அந்தப் பொடியனை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். அவன் ரெண்டு மேட்ச் பார்ப்பான், மூன்றாவதில் கேமை மூடிவிட்டுப் போவான்.

அவன் போனபிறகு நடப்பதை அறிக்கை சரியாகப் பிடித்தது. கடைசிப் படியில் இருந்தவர்கள் விலகினால், அதற்கு மேல் படிதான் புதிய கடைசிப் படி. இப்போது அடி வாங்குவது அவர்கள். அவர்களும் விலகினால் அடுத்த படி. கடைசியில் உச்சத்தில் இருப்பவர்களுக்கும் மிஞ்சுவது தங்களைப் போன்றவர்கள் மட்டுமே. எதை வெறுத்தார்களோ அதே லாபி, ஆள் மட்டும் குறைவு.

யூடியூபில் கேட்கும் குரலுக்கும் சர்வரில் இருக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்களில் தெரிகிறது. எஸ்.பி.எம்.எம். ஒழிக என்று வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மேல் 10 சதவீதம். அவர்கள் பொய் சொல்லவில்லை; விதியைத் தளர்த்தியதில் அவர்களுக்கு நிஜமாகவே லாபம். அந்த லாபத்தை யார் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் வீடியோவில் வராது.

ஆனாலும் அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு

நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. அது அளந்தது ‘திரும்பி வந்தார்களா’ என்பதை. வியாபாரத்துக்கு அது போதும். மகிழ்ச்சியை அது அளக்காது. எரிச்சலோடு திரும்பி வருகிறவர்களும் உண்டு. ஒரு வெற்றி வரும்வரை எழுந்திருக்க மனம் வராமல் ஆடியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சமமான ஆட்டமும் அதிக நேரம் ஆடவைக்கும் ஆட்டமும் ஒன்றல்ல என்று 2017இலேயே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பங்கேற்ற ஒரு கட்டுரை வாதிட்டது. சமமாகச் சேர்ப்பதைவிட, ஆள் விலகிப் போகாதபடி சேர்ப்பதே இலக்காகலாம் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஆட்டக்காரர்களின் சந்தேகத்தை வெறும் சதிக்கதை என்று தள்ள முடியாது.

இன்னொன்று, என் கணக்கில் இதுதான் முக்கியம். திறன் பார்த்துச் சேர்க்கும் முறை சரியாக வேலை செய்தால், எல்லாருடைய வெற்றி விகிதமும் பாதிக்குப் பாதியை நோக்கி நகரும். நேற்று ஆடியதைவிட இன்று நன்றாக ஆடினால், நாளை எதிரிகளும் அதே அளவு நன்றாக ஆடுவார்கள். ரேங்க் போட்டிகளில் இது யாரையும் உறுத்துவதில்லை. ஏனென்றால் அங்கே கோல்டிலிருந்து பிளாட்டினம் என்று பேட்ஜ் மாறுகிறது. பாதிக்குப் பாதிதான் ஜெயிக்கிறோம், ஆனால் ஏறியிருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரண லாபியில் எண் மறைவாக இருக்கிறது. ஏறினாலும் தெரியாது, இறங்கினாலும் தெரியாது. ஆறு மாதம் குறி பழகியவருக்கு அதன் பலன் என்று கிடைப்பது இன்னும் கடுமையான எதிரிகள் மட்டும். இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் சலிப்பு வருவதைத் தவறு என்றும் சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு, 2019 ‘மாடர்ன் வார்ஃபேர்’ முதல் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் லாபி கலைந்துபோனது. முன்பெல்லாம் அதே பன்னிரண்டு பேர் அடுத்த மேப்பிலும் இருப்பார்கள். போன மேட்சில் நம்மைக் கத்தியால் குத்தியவனை இந்த மேட்சில் தேடிப் போகலாம்; மைக்கில் வம்பு பேசலாம். ‘பழைய கேம்களில் எஸ்.பி.எம்.எம். இல்லை’ என்று ஏங்குகிறவர்களில் பலர் உண்மையில் தேடுவது இந்த லாபியைத்தான் என்று நினைக்கிறேன்.

மறைவான எண் இருந்தால் அதை ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். வேண்டுமென்றே செத்துச் செத்துத் தன் கணக்கைக் கீழே இறக்கி, பிறகு எளிய லாபியில் வேட்டையாடுவது ஒரு வகை. ரிவர்ஸ் பூஸ்டிங் என்கிறார்கள். இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டு, ஆள் குறைந்த நேர மண்டலத்துக்குத் தாவுவது இன்னொன்று. அங்கே நிரல் சீக்கிரம் வரம்பைத் தளர்த்தியாக வேண்டும் அல்லவா? புதுக் கணக்கு தொடங்கி ஒன்றும் தெரியாதவர் போல நுழைவது மிகப் பழைய வழி. டோட்டா 2இல் இப்படிப்பட்ட ஸ்மர்ஃப் கணக்குகள் 90,000ஐத் தடைசெய்ததாக அந்த கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்தது.

அதற்குப் பிறகு

இந்த விவாதம் உச்சத்தில் இருந்தபோதே யூபிசாஃப்ட் என்ற போட்டி நிறுவனம் ஒரு பதிலை இறக்கியது. 2024 மே 21இல் வெளிவந்த ‘எக்ஸ்டிஃபையன்ட்’ கேம், சாதாரண பிளேலிஸ்ட்டுகளில் (ஆட்ட வகைத் தொகுப்புகளில்) திறன் பார்க்க மாட்டோம் என்பதையே விளம்பரமாக்கிக்கொண்டது. ஆனால் அதிலும் புதியவர்களுக்கென்று ‘வெல்கம்’ பிளேலிஸ்ட் ஒன்று தனியாக இருந்தது. 25ஆம் லெவல் வரை அவர்கள் அதற்குள் ஆடலாம்; அங்கே மட்டும் திறன் பார்த்துச் சேர்ப்பார்கள். கொள்கையாகவே எதிர்த்தவர்களும் கடைசிப் படிக்காரர்களுக்கு வேலி போட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேமை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2025 ஜூன் 3இல் சர்வர்கள் நின்றன. இதை எஸ்.பி.எம்.எம். இல்லாததால் செத்த கேம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போட்டி நிறைந்த சந்தையில் ஓர் இலவச ஷூட்டர் மூடப்படுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும்; இங்கே ஒப்பிடுவதற்கு மறுபாதிக் குழு எதுவும் கிடையாது.

இன்னும் சுவாரசியமானது ஆக்டிவிஷன் பக்கமே நடந்தது. ஒன்பது பங்கு பேருக்கு ஆகாது என்று எண்களோடு சொன்ன அதே நிறுவனத்தின் ‘பிளாக் ஆப்ஸ் 7’, 2025 அக்டோபர் பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில், திறனைப் பெருமளவு ஒதுக்கிவைத்த ஒரு பிளேலிஸ்ட்டைத் திறந்துவிட்டது. வரவேற்பைப் பார்த்துவிட்டு, நவம்பர் 14இல் கேம் வரும்போது திறனுக்குக் குறைந்தபட்ச இடம் தரும் திறந்த முறையே இயல்பான முறையாக இருக்கும் என்று அந்த கேமை உருவாக்கிய டிரேயார்க் ஸ்டுடியோ அறிவித்தது. கூடவே, மேட்ச் முடிந்தாலும் கலையாத லாபியும் திரும்பி வந்தது.

2024 அறிக்கையை இது பொய்யாக்கிவிடவில்லை. பீட்டாவில் ஆடி, கருத்தும் எழுதுகிறவர்கள் தீவிர ரசிகர்கள். திறன் வரிசையில் மேல் பாதியில் இருப்பவர்களாகவே அதிகம் இருப்பார்கள். கடைசிப் படிக்காரர் பீட்டாவுக்கு வருவதே அரிது, வந்தாலும் எழுதுவதில்லை. மேலும் இந்த முறை இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. ஆட்டம் பிடித்துப்போனால் அது திறனைத் தளர்த்தியதாலா, லாபி கலையாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2024 சோதனையின் பலமே ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விட்டதுதான்.

பிரித்துப் பார்க்க நினைத்தால் வழி இருக்கிறது. கலையாத லாபியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அதற்குள் பாதிப் பேருக்குத் திறனை இறுக்கியும் பாதிப் பேருக்குத் தளர்த்தியும் ஓடவிடலாம். சாதாரண லாபியிலும் அவரவர் ரேட்டிங்கை அவரவருக்கு மட்டும் காட்டி, மேல் 10 சதவீதத்தின் சலிப்பு குறைகிறதா என்று தனியாக ஒரு சோதனை வைக்கலாம். இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது கீழிரண்டு பங்கினரின் எண்கள். அதுவும் கேம் வெளியான வாரத்து எண்கள் அல்ல, அவர்கள் நூறு மேட்ச் தாண்டிய பிறகு வருகிறவை.